எதிர் வீட்டு விளக்கு

எதிர் வீட்டுத் தையல்காரர் வாசலில் மட்டும் புதுத் தெருவிளக்கு எரிந்தது. அதைவிட அதிகமாக எரிந்தது தெருச் சங்கச் செயலாளரின் வயிறு.

"மூணு வருஷமா சங்கம், மனுன்னு அலையறீங்க. தையல்காரரு ஒரு நடை ஐயா வீட்டுக்குப் போனாரு, விளக்கு வந்துடுச்சு," என்றாள் மனைவி. அந்த ஊரில் ஐயா வைத்ததுதான் சட்டம்.

"அது கால்ல விழுந்து வாங்கின வெளிச்சம். தெரு முழுக்க விளக்கு கேட்டு ஞாயித்துக்கிழமை சங்கத்தைக் கூட்டறேன் பாரு."

ஞாயிறு காலை பொருளாளருக்குக் காய்ச்சல். கடைக்காரருக்கு மூட்டுவலி. மற்ற மூவருக்கும் சொந்தத்தில் கல்யாணம். கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, ஒரு கிலோ ஆப்பிளைப் பையில் மறைத்துக்கொண்டு செயலாளர் கிளம்பினார்.

ஐயா வீட்டு வராந்தாவில் காய்ச்சல்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூட்டுவலி. அடுத்து, கல்யாணத்துக்குப் போன மூவர். ஆளுக்கொரு பை. சங்கம் இப்படி முழுசாகக் கூடியதே இல்லை.

உதவியாளர் முகம் சுளித்தார். "எல்லாரும் ஒரே தெருவா? கூட்டமா வந்தா ஐயாவுக்குப் பிடிக்காதே."

செயலாளர் முந்திக்கொண்டார். "என் வாசலுக்கு மட்டும், எதிர் வீட்டைவிடப் பெரிசா ஒரு விளக்குங்க. இவங்கெல்லாம் யாருன்னே எனக்குத் தெரியாது."