ஆயிரம் கிலோமீட்டர்

"தம்பி, இது சைக்கிளா, சண்டி மாடா? ஓட ஓட சார்ஜ் ஏறும், கரண்ட்டே வேண்டாம்னு சொல்லித்தானே என் தலையில கட்டினீங்க? இப்போ மிதிக்க மிதிக்க 'பேட்டரி லோ'ன்னு கண்ணைச் சிமிட்டுது."

லாரி டிரைவரின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மெக்கானிக் சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைத்தார். இதே சைக்கிளுக்காக இந்த வீட்டுப் படியேறுவது இது மூன்றாவது தடவை.

நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து டிரைவர் வீட்டோடு இருக்கிறார். இந்த உடற்பயிற்சி சைக்கிளின் திரையில் ஆயிரம் கிலோமீட்டர் காட்டட்டும், அதற்குப் பிறகு லாரியில் ஏறலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பேட்டரி அடியோடு இறங்கினால் ஓடிய தூரமெல்லாம் அழிந்து மறுபடி பூஜ்யத்தில் வந்து நிற்கும். அதுதான் வம்பு.

"போன தடவை எவ்வளவு ஓடியிருந்துச்சு அண்ணே?"

"தொள்ளாயிரத்தைத் தாண்டிட்டேன். அதுக்கு முன்னாடி தடவையும் அதே கதைதான். ஊர் எல்லைக்கு வந்ததும் வண்டி படுத்துக்குது."

"மெதுவா மிதிச்சா சார்ஜ் ஏறாதுண்ணே."

"யாரைப் பார்த்து மெதுவாங்கிறீங்க? இதோ இருக்கா, கேளுங்க."

டிரைவரின் மனைவி சைக்கிளை ஒட்டி நாற்காலி போட்டு, அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் மிதிக்கிறார் தம்பி. நான் இங்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன், இவர் ஓட்டிக்கிட்டே இருப்பார். கல்யாணம் ஆனதுலேர்ந்து நாங்க இவ்வளவு பேசினதே இல்ல. லாரிக்குப் போயிட்டா விருந்தாளி மாதிரி எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்."

"பொண்ணு சம்பாதிக்கிறா, அந்தத் தெம்பு. இவளுக்கென்ன, பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றார் டிரைவர்.

மெக்கானிக் தானே ஏறி உட்கார்ந்து வேகமாக மிதித்தார். சார்ஜ் ஒழுங்காக ஏறியது. இறங்கி, மூடியைக் கழற்றி ஒயரை இழுத்துப் பார்த்தார்; கெட்டியாக இருந்தது. மீட்டரை வைத்துப் பேட்டரியைச் சோதித்தார். அதுவும் புதுசு போலத்தான் இருந்தது. அப்புறம் ஏன் இறங்குகிறது?

மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் கண்ணில் பட்டது. திரைக்குக் கீழே வரிசையாக இருந்த பட்டன்களெல்லாம் கடையிலிருந்து வந்த மினுமினுப்போடு இருந்தன. திரை விளக்கை எரியவைக்கும் பட்டனில் மட்டும் பெயின்ட் சுத்தமாகத் தேய்ந்து போயிருந்தது. மிதிக்காமல் சும்மா அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால், எப்பேர்ப்பட்ட பேட்டரியும் படுத்துவிடும்.

மெக்கானிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. ஓரக்கண்ணால் அந்த அம்மாளைப் பார்த்தார். ஒன்றும் அறியாதவள் போல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து டிரைவரின் போன் அடித்தது. லாரி முதலாளி.

"வந்துடறேன் முதலாளி. நான் என்ன வீட்டுல உட்கார்ற ஆளா? ஸ்டியரிங் பிடிக்காம கை நமநமங்குது. இந்தப் பாழாப்போன மெஷின்தான் என்னைக் கட்டிப் போட்டிருக்கு. மெக்கானிக்கைக் கூப்பிட்டு உண்டு இல்லைன்னு பண்ணிக்கிட்டிருக்கேன்..." பேசிக்கொண்டே பால்கனிப் பக்கம் போனார்.

பாவம் மனுஷர் என்றிருந்தது மெக்கானிக்குக்கு. இத்தனை கிலோமீட்டர் மிதித்தும் ஒரே இடத்தில் நிற்கிறாரே. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது, அண்ணன்கிட்ட மூச்சு விட மாட்டேன். ஆனா அவர் ரோட்டுல ஓடியே பழகினவர். துடிக்கிறார் பாருங்க. இந்தப் பட்டனை இனிமே அமுக்காதீங்க."

அவள் பட்டனைப் பார்த்தாள். பால்கனியைப் பார்த்தாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, சத்தம் வராமல் சிரித்தாள்.

"நான் எதுக்குத் தம்பி அமுக்கப் போறேன்? துணி காயப்போட நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு, அவர்தான் உட்கார்ந்து அமுக்கிக்கிட்டே இருக்கார். போக மனசில்லன்னு வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். தெரியும்னு காட்டிக்க எனக்குக் கூச்சம். உங்க பையில செத்த பேட்டரி ஏதாவது கிடந்தா, அதைப் போட்டுட்டுப் போயிடுங்களேன்."