கரையானுக்கு ஒரு வாரக் கெடு

“உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். சீக்கிரமா காலி பண்ணிடுங்க” என்றார் வீட்டுக்காரர், தேன் தடவிய குரலில்.

எங்கள் அறைக் கதவு நிலையை ஒட்டி, சுவரில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கரையானாம். தரையைத் தோண்டி மருந்து ஊற்ற வேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு மருந்து நெடி ஆகவே ஆகாதாம்.

அப்புறம் யார் குடிவரப் போகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருடைய மச்சினன் போன வாரமே வந்து, திரைச்சீலைக்கு எங்கள் ஜன்னலை அளந்துகொண்டு போயிருந்தார்.

அக்காவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். இந்த நேரத்தில் எங்கே போய் வீடு தேடுவது என்று அம்மா கையைப் பிசைந்தாள்.

பூச்சி மருந்துக்காரர் வந்தார். நிலையைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பழைய கோடாகவும் இருக்கலாம் என்றார். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு மண்ணைச் சுரண்டினார்.

“உயிரோட இருந்தா ஒரு வாரத்துல இதை மூடிடும். மூடலைன்னா, கரையான் எப்பவோ போயாச்சு. நீங்க பாட்டுக்கு இருக்கலாம்.”

வீட்டுக்காரர் குடியிருப்பது பக்கத்து வீட்டில். தினமும் காலையில் நலம் விசாரிக்க வந்துவிடுவார். “இன்னிக்கு எப்படி இருக்கு?” என்று அவர் கேட்பது அக்காவை அல்ல, சுவரை.

மூன்றாம் நாள் மூடவில்லை. இவ்வளவு சோம்பேறிக் கரையானை அவர் பார்த்ததே இல்லையாம். ஐந்தாம் நாளும் மூடவில்லை. அன்றுதான் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஏழாம் நாள் காலையில், குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். பார்த்தார், போனார்.

அம்மா போய்ப் பார்த்தால் இடைவெளி மூடியிருந்தது.

அக்கா துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

மருந்துக்காரர் உள்ளே வந்ததுமே வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “பாத்தீங்களா, கட்டி முடிச்சுடுச்சு. என்ன பண்றது, எனக்கே மனசு கேக்கலை.”

மருந்துக்காரர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

“கட்டினது கரையான்தான் சார். ஒட்டினதுதான் வேற யாரோ. பெருவிரல் ரேகை பதிஞ்சிருக்கு.”

வீட்டுக்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மருந்துக்காரர் கம்பியால் லேசாகக் கிளறினார். ஈர மண்ணுக்குள்ளிருந்து நாலைந்து வெள்ளைப் பூச்சிகள் பதறி ஓடின.

“நீங்க பெட்டியைப் பிரிச்சு வைங்கம்மா” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“பூச்சி உயிரோட இருக்கு சார். உங்க வீட்டுல எந்த நிலையிலேருந்து பேர்த்தீங்கன்னு காட்டுங்க. தோண்ட வேண்டியது அங்கதான்.”