ஓட ஓட செட் ஆயிடும்

“உனக்குத் தொழில் தெரியல மாசிலாமணி. அத ஒத்துக்க, போதும்.”

புத்தூர் மெயின் ரோட்டில் இருபது வருஷமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிற மாசிலாமணியிடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இப்படிச் சொன்னவர் தனசேகர். ஸ்ரீசிட்டியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ். கார் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எல்லாம் யூடியூபில் பார்த்திருக்கிறார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரில், முன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் ஒரிஜினல் ஆர்ம் இரண்டையும் கழற்றிக் கடாசிவிட்டு, ஆன்லைனில் வரவழைத்த ‘ஸ்போர்ட்ஸ்’ ஆர்மைப் போட்டிருந்தார். பளபளவென்று நீலக் கலர். அன்றிலிருந்து வண்டி இடது பக்கமே இழுத்தது. காளஹஸ்திக்குப் போய் ராகு கேது பூஜைகூடச் செய்து பார்த்துவிட்டார். ராகுவும் கேதுவும் சஸ்பென்ஷன் வேலை பார்ப்பதில்லை போலிருக்கிறது.

“சார், நானும் மூணு தபா பாத்துட்டேன். ரெண்டு ஆர்மும் ஒரே நீளம் இல்ல. வீல் சாஞ்சிக்கினு நிக்குது. கம்ப்யூட்டர்ல பாருங்க, சிகப்பா காட்டுது. நான் எவ்ளோ திருப்பினாலும் பச்சைக்கு வராது. இத கழட்டிட்டு ஒரிஜினலையே போட்டுடுங்க.”

“இம்போர்டட் பார்ட்டுயா அது! ஓட ஓட செட் ஆயிடும். உன் மிஷினுதான் சரியில்ல.”

“வெள்ளிக்கிழமை சின்னவனுக்கு மொட்டை போட மலைக்குப் போறோம்னீங்களே. கொழந்தைங்கள வெச்சிக்கினு இந்த வண்டியில மலை இறங்காதீங்க சார். வளைவுல பிரேக் போட்டா ஒரு பக்கமா இஸ்துக்கினு போயிடும்.”

“எனக்கே ஓட்டக் கத்துக் குடுக்கறியா?”

ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி நந்திதா, “ஏங்க, அவரு சொல்றதையும் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தாள்.

“உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு.”

தனசேகர் அங்கேயே நின்றபடி போனை எடுத்து, கடைக்கு ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து, ‘தொழில் தெரியாதவர்கள்’ என்று கருத்தும் எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்து நின்றார். கடையில் நாலு பேர் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

“வந்து ஓட்டிப் பாரு மாசிலாமணி. நூல் புடிச்சாப்ல போவுது. குடும்பத்தோட மலை ஏறி, இறங்கி, அதே வண்டியில வந்து நிக்கறேன். அதிரிப்போயிந்தி! தூள் கெளப்பிடுச்சி! ஓட ஓட செட் ஆயிடும்னு நான் சொன்னேனா இல்லையா?”

மாசிலாமணி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நீல ஆர்ம் இரண்டும் இருந்தன.

“தப்பு என்னுதுதான் சார். எனக்குத் தெரியல.”

“அப்படி வா வழிக்கு!” தனசேகருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “போனா போவுது, அந்த ஒரு ஸ்டார ரெண்டா மாத்திடறேன்.”

அங்கேயே மாற்றியும் விட்டார். பெரிய மனசு.

கார் கிளம்பியதும், தன் வண்டிக்காகக் காத்திருந்த சடகோபன் பொங்கினார்.

“இன்னாப்பா, ரோஷமே இல்லியா உனக்கு? நாலு பேரு எதிர்ல தப்பு என்னுதுன்றியே! இருவது வருஷத் தொழில இப்டியா உட்டுக் குடுப்ப?”

“அண்ணா, புதன்கிழமை அவரு கம்பெனி பஸ் ஏறினதும் அந்தம்மா தனியா வண்டிய எடுத்துக்கினு வந்தாங்க. அந்த நீல ஆர்ம கழட்டிட்டு, ஒரிஜினல் ஆர்ம் புதுசா வாங்கி மாட்டி, அலைன்மென்ட் பாத்து, அது மேல நீலப் பெயிண்ட் அடிச்சி அனுப்பினது நான்தான்.”

சடகோபன் விடவில்லை.

“அத அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா?”

“சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்ணா? அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. ‘தோத்துட்டோம்னு தெரிஞ்சா மறுநாளே அந்த ஸ்போர்ட்ஸ் ஆர்மையே தேடி எடுத்து மாட்டிடுவாரு. அவரு ஜெயிச்சதாவே இருக்கட்டும். என் புள்ளைங்க உயிரோட இருந்தா எனக்குப் போதும்’னாங்க.”