ஒரு சாண் ஆழத்தில்

“இருக்கறதுலயே பெரிய காயிலாப் பார்த்துக் குடுங்க அம்மணி. ரெண்டு நாள் வாடகைக்குப் போதும்” என்றார் அந்த ஆள், வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே.

மண்ணுக்கு மேல் நகர்த்தித் தேடும் வட்டக் காயில்கள் இருந்த மெட்டல் டிடெக்டர் பெட்டியைத் திறக்காமலே இளவேனில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த காக்கிச் சட்டை, தோளில் துண்டு. காந்திபுரத்தில் அவள் நடத்தும் வாடகைக் கருவிக் கடைக்கு, மண்ணுக்குள் போன குழாயைத் தேடும் பிளம்பர்கள் வருவார்கள், தோட்டத்துக்காரர்கள் வருவார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டு யாரும் வருவதில்லை. போன வருடம் அப்படி வந்த ஒருவன் டிடெக்டரைக் கொண்டுபோய்ப் பாழடைந்த கோயிலைத் தோண்டி மாட்டிக்கொண்டான். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மூன்று நாள் நின்றது இவள்தான்.

“பெருசா எடுத்தா நல்லதுன்னு கெடையாதுங்ணா. தேடற பொருளுக்குத் தக்கன காயில் மாட்டோணும். என்ன தேடறீங்க?”

“ஒரு பித்தளைத் தகடுங்க. உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு சாண் ஆழத்துக்குள்ளதான் கெடக்கும்.”

“பக்கத்துல வேற இரும்பு இருக்குதுங்களா?”

“நெறைய இருக்குமுங்க. ஆணி, கம்பி, துருப்புடிச்ச தகரம்... எல்லாம் நெருக்க நெருக்கமா.”

“அப்பப் பெரிய காயில் ஆகவே ஆகாது. ஆழமாப் பாக்கும், சரி. ஆனா பக்கத்து ஆணியையும் உங்க தகட்டையும் சேர்த்து ஒரே சத்தமாக் கத்திப்போடும். உங்களுக்கு ஆறு இன்ச் காயில்தான். மெதுவா நகத்தோணும். ஒவ்வொண்ணையும் தனியாப் பிரிச்சுச் சொல்லும்.”

“அதையே குடுங்க அம்மணி.”

“எடம் உங்களுதுங்களா?”

“இல்லீங்க. பொது எடம். உடுமலைப் பக்கம்.”

“தகடு?”

“அது என்னுதுதானுங்க. நாந்தான் பேர் வெட்டிக் கொண்டுபோயி வெச்சேன்.”

“வெச்சவருக்கே எடம் தெரியலையா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இருபத்திமூணு வருசமாச்சுங்க.”

“நடுவுல ஒருக்காக் கூடப் போய்ப் பாக்கலையா?”

“இல்லீங்க.” குரல் அவருக்கே கேட்டிருக்காது.

குழாய் தேடும் கருவியைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்ற பிளம்பர் கரீம் சிரித்தார். “அம்மணி, தகடு சும்மா வெப்பாங்களா? அதுக்கு அடியில என்னமோ இருக்குதுன்னு அர்த்தம்!”

அந்த ஆள் சட்டென்று மறுபடியும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். இளவேனிலுக்கு அது போதுமாக இருந்தது.

“அங்க பொறுப்பா ஆராச்சும் இருப்பாங்கள்ள? கேட்டாக் காட்ட மாட்டாங்களா?”

“கேக்கறதுக்கு மொகமில்லீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அங்க ஆளிருக்காது. சத்தமில்லாமப் பாத்துப்போட்டு வந்தர்றேன்.”

“நல்லாருக்குதுங்ணா! ஆளில்லாத நேரம் பாத்து அடுத்தவங்க எடத்துல நோண்டறதுக்குப் பேர் என்னன்னு உங்களுக்கே தெரியும். திருட்டு வேலைக்கெல்லாம் எங் கடையில பொருள் கெடையாது!”

வேண்டுமென்றே உரக்கத்தான் சொன்னாள். பிளாட்பாரத்தில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை, கோபப்படவில்லை, போகவும் இல்லை. தலையைக் குனிந்தபடி அப்படியே நின்றார். குற்றவாளியின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினாள். “உங்க தகடுதான்னா, அதுல என்ன வெட்டியிருக்குதுன்னு இதுல எழுதுங்க. பேரும் ஊரும் போடுங்க. போலீசுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அப்பறம் பேசறேன்.”

அவர் பேனாவை வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல, நிறுத்தி நிறுத்தி எழுதினார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கரீமின் சிரிப்பு நின்றுபோனது. கரீம் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இளவேனில் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

‘இன்னாசிமுத்து, லாரி டிரைவர், பொள்ளாச்சி. தகட்டில் உள்ளது: அமலோற்பவம். தோற்றம் 12.4.1980. மறைவு 3.8.2002.’

அவளுக்குக் காது மடல் சுட்டது. கடை வாசலில் இன்னும் அந்த இரண்டு பேர் நின்றார்கள். சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவதென்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்து சின்னக் காயிலை எடுத்து மாட்டப் போனாள். திருகு பிடிபடாமல் நழுவியது.

“அண்ணா... நான் வேற என்னமோ நெனச்சு...”

“நீங்க எதுக்குங்க வெசனப்படறீங்க? நீங்க கேட்டதுல தப்பேயில்லீங்க. மகளப் பெத்துப்போட்டு மூணா நாள் போய்ச் சேந்துட்டா என் சம்சாரம். அங்க நட்டது மரச் சிலுவை. மக்கிப்போயி, அதுல அடிச்ச தகடு மண்ணுக்குள்ள போயிருக்கும்.” அவர் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார். “வர்ற மாசம் மகளுக்குக் கல்யாணமுங்க. மொதப் பத்திரிகைய அம்மா கல்லறையிலதான் வெக்கோணும், ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்கப்பான்னு நிக்கறா. வருசா வருசம் நான் தவறாம அங்க போயி மெழுகுவத்தி ஏத்திப்போட்டு வர்றதாச் சொல்லித்தானுங்க அம்மணி, அவள வளத்தினேன்.”