பேஸ்மென்றில் ஒரு போர்க்கப்பல்

“உன்ரை மனுசனுக்கு என்ன விசரோ? சொந்தத் தம்பியைப் போர்க்கப்பலிலை பறிகுடுத்த மனுசன், இப்ப வீட்டுக்குள்ளை இருந்து போர்க்கப்பல் கட்டுறாராம்!”

தொலைபேசியில் அக்காள் அக்னெஸின் குரல் சன்னமாகவே இருந்ததில்லை. றோசா தொலைபேசியைக் காதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தாள்.

“அது கனடாக் கப்பல், அக்கா. எங்கடை றொசான் வேலை செய்யிற கப்பல்.”

“அதைத்தான் நானும் கேக்கிறன். கப்பலிலை அவ்வளவு ஆசையெண்டால், அதிலை நிக்கிற பிள்ளையோடை ரெண்டு வார்த்தை கதைச்சால் என்ன?”

“பிறகு எடுக்கிறன்” என்று றோசா வைத்துவிட்டாள். அவளுடைய கேள்வியும் அதுவேதான்.

மகன் றொசான் கனடாக் கடற்படையில் சேர்ந்து முதன்முதல் கப்பலேறியபோது, மொன்றியல் பியர்பொன்ட்ஸிலிருந்து ஒரு பகல் முழுக்கக் காரோடி ஹலிபாக்ஸுக்குப் போனார்கள். துறைமுகத்தில் அந்தச் சாம்பல் நிறக் கப்பல் கண்ணில் பட்டது. அவளுடைய மனுசன் நீக்கிலாப்பிள்ளை காரைவிட்டு இறங்கவில்லை. மேல்தட்டில் நின்று மகன் கை காட்டினான். தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று தொடக்கம் பிள்ளை தாயிடம் கேட்பது ஒன்றுதான்: “அப்பாவுக்கு என்னிலை வெக்கமா, அம்மா?”

முன்பு மன்னாரில் கடலுக்குப் போன நீக்கிலாப்பிள்ளையையும் அவர் தம்பியையும் ஒருநாள் சாம்பல் நிறக் கப்பலொன்று மறித்து ஏற்றியது. இறங்கி வந்தவர் அவர் மட்டும். அதில் என்ன நடந்ததென்று அவர் கட்டிய மனைவிக்கும் சொன்னதில்லை. ஆனால் அது வேறொரு நாட்டின் கப்பல். அந்தப் பழிக்கு இந்தப் பிள்ளை என்ன செய்வான்?

அன்று மாலை றொசானின் அழைப்பு வந்தது. பேசி முடித்த வேகத்தில் றோசா கீழே பேஸ்மென்றுக்கு இறங்கினாள்.

மேசைவிளக்கின் கீழே நீக்கிலாப்பிள்ளை குனிந்திருந்தார். முன்னால் றொசானின் கப்பலைப் போலவே முழங்கை நீளப் பிளாஸ்ரிக் கப்பல். சிறு இடுக்கியான சாவணத்தின் நுனியில் மயிரளவான ஒரு கைபிடிக் கம்பி. மூச்சை அடக்கிக்கொண்டு அதை மேல்தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். பீரங்கிகள் பெட்டிக்குள் அப்படியே கிடந்தன. மாதக்கணக்காக அவர் செய்ததெல்லாம் படிகளும், கதவுகளும், கம்பிகளுமே. பெட்டியோடு வந்த வரைபடம் போதாதென்று, மகனிடம் சொல்லிக் கப்பலின் படங்கள் எடுப்பித்திருந்தார். அதையும் றோசாவைக் கொண்டுதான் கேட்பித்தார்.

“இஞ்சாருங்கோ, சனிக்கிழமை அவன்ரை கப்பல் மொன்றியலுக்கு வருதாம். பழைய துறைமுகத்திலை. மாலுமியளின்ரை வீட்டு ஆக்கள் ஏறிப் பாக்கலாமாம்.”

சாவணம் அசையாமல் நின்றது.

“வாற சனிக்கிழமையோ?”

“ஓம். ‘அப்பா வருவாரோ?’ எண்டு கேக்கிறான்.”

“நாள் காணாது.”

“எதுக்கு நாள் காணாது?”

“இது முடியேல்லை.”

றோசாவுக்குப் பொறுமை அறுந்தது. “பீரங்கியில்லாத இந்தப் போர்க்கப்பல் முடிஞ்சால்தான் பெத்த பிள்ளையைப் பாப்பியளோ?”

“ஓம்” என்றார். கேலியில்லாத ஓம். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

“மாதாவே, இந்த மனுசனுக்கு நெஞ்சுக்குள்ளை இருக்கிறது என்ன பிளாஸ்ரிக்கோ?”

அவர் அடுத்த கம்பியை எடுத்தார்.

வெள்ளி இரவு விடியும்வரை கீழே விளக்கு எரிந்தது. சனிக்கிழமை காரை அவர்தான் ஓட்டினார். துறைமுகத்தில் நிறுத்தியதும் இரு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, “நீ போ. நான் இருக்கிறன்” என்றார். றோசா கதவை அடித்துச் சாத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

மேல்தட்டில் நின்ற றொசான் தாயைக் கட்டியணைத்தான். பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் கரையைப் பார்த்தான்.

“வரேல்லையா?”

“காருக்குள்ளை இருக்கிறார், மகன். அந்த மனுசனை விடு.”

“பரவாயில்லை, அம்மா” என்றான். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. “வாங்கோ, மேலை கப்பல் ஓட்டுற அறையைக் காட்டுறன்.”

இரண்டடி வைத்தவன் நின்றுவிட்டான்.

நடைபாலத்தில் நீக்கிலாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. வெள்ளைச் சேர்ட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. காவலுக்கு நின்ற இளைஞன் “போன்ஜூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கை நீட்டினான். அவர் அதைக் காணவே இல்லை.

“அப்பா! இஞ்சாலை வாங்கோ, நான் பிடிக்கிறன்...”

“வேண்டாம், மகன். விடு.”

ஒருவரையும் நிமிர்ந்து பாராமல் அவர் முன்னே நடந்தார். உதடுகள் முணுமுணுத்தன. “இடப்பக்கம் கம்பி... இப்ப கதவு... வாசற்படி உயரம், காலைத் தூக்கு... பேந்து ஏணி...”

வேறு குடும்பங்கள் விலகி வழிவிட்டன. றோசாவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

“மகன்ரை முகத்தைப் பாருங்கோ எண்டு கூட்டியந்தால், நீங்கள் கப்பல் கட்டின கெட்டித்தனத்தையோ காட்டுறியள்?”

அவர் நிற்கவில்லை. ஏணியின் உச்சிக்கு ஏறிய பிறகே திரும்பினார். பின்னால் வந்த மகனின் தோளை எட்டிப் பிடித்தார். அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

“உன்னிலை எனக்கென்ன வெக்கம், மகன்? பயமடா. இந்தச் சாம்பல் நிறத்தைக் கண்டால் எனக்குக் கால் எழும்பாது. உன்னட்டை வரவேணுமெண்டுதான், ஒவ்வொரு படியாய் ஒட்டி ஒட்டி, வீட்டிலை இருந்து ஏறிப் பழகினனான்.”