கருநீலத்துக்குப் பக்கத்தில் கறுப்பு

வெள்ளைச் சட்டைக்காரனைச் சாய்த்துப் பந்தைப் பறித்த கருநீலச் சட்டைக்காரன், தலையை அரைகுறையாக நிமிர்த்தி, பக்கத்தில் நிழலாடும் கறுப்புச் சட்டைக்கு அதைத் தட்டிவிடுகிறான். கறுப்பில் நிற்பவர் அவன் கூட்டாளி இல்லை, நடுவர். வெயில் இறங்கிய மைதானத்தில் இரண்டு நிறமும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. ஆட்டம் தொடங்குமுன் கருநீல அணித் தலைவன் சொல்லத்தான் செய்தான்: “சார், உங்க சட்டையும் எங்க சட்டையும் ஒண்ணு போலவே இருக்கு. ரூல்படி நீங்கதான் மாத்தணும்.” நடுவரின் பையில் மாற்றுச் சட்டையாக ஒரு மஞ்சள் சட்டை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அதில் அவர் ஸ்கூல் பஸ் மாதிரி இருப்பதாக மகள் சிரித்ததிலிருந்து அவர் அதைத் தொடுவதில்லை. “கறுப்பு எது, நீலம் எதுன்னு தெரியாதவன் எதுக்குப்பா பந்தாட வர்றான்?” என்று அவன் வாயை அடைத்துவிட்டார். இப்போது பந்து புல்லை உரசிக்கொண்டு அவரிடமே வருகிறது. விலக வேண்டிய கால் விலகவில்லை. இளவயதெல்லாம் ஆடித் தேய்ந்த கால் அது; அவரைக் கேட்காமலேயே பந்தை வாங்கி, வலப்பக்கம் ஓடும் இன்னொரு கருநீலத்துக்குக் கச்சிதமாகத் தள்ளிவிடுகிறது. பந்து போய்ச் சேர்ந்தவன் அதை மிதித்தபடி சிலையாக நிற்கிறான். மைதான ஓரத்தில் வேடிக்கை பார்ப்பவர்களின் கைதட்டப் போன கைகள் பாதியில் நிற்கின்றன. விசில் நடுவரின் பல்லிடுக்கில்தான் இருக்கிறது. ஊதக் காற்று வரவில்லை. தள்ளிவிட்ட கால் இன்னும் தரையிறங்காமல் அந்தரத்தில் இருக்கிறது. விழுந்த வெள்ளைச் சட்டைக்காரன் புல்லில் உட்கார்ந்தபடியே அவரை அண்ணாந்து பார்க்கிறான். “சார்,” என்கிறான், கோபம்கூட வராத குரலில், “அப்ப எங்களுக்கு ரெஃப்ரி யாரு சார்?”