மூன்றாம் விசாரணை

ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்தும், 1971இல் கஸ்பாரின் பாஸ்போர்ட் விண்ணப்பம் மூன்றாம் முறையும் திரும்பி வந்தது. 'விண்ணப்பதாரர் ஏற்கெனவே வெளிநாடு போய்விட்டார்.' வீட்டுக்கு விசாரிக்க வந்த ஏட்டு எழுதிய குறிப்பு அது.

கஸ்பார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மேசையில் ஓங்கி அறைந்தான். "இன்னாய்யா எழுதிக்கீற? இதோ உன் எதிர்ல நின்னுகினு கீறேனே!"

"மூணு தபாவும் உங்கம்மாதான் சொன்னாங்க," என்றார் ஏட்டு.

கொதிப்போடு ராயபுரத்து வீட்டுக்கு வந்து கதவை உதைத்தான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"எம்மா! இன்னா வேலை பண்ணி வெச்சிக்கீற?"

"கத்தாத நைனா," என்று அம்மா எல்சி ஜன்னல் வழியே ஒரு கடிதத்தை நீட்டினாள். "நீ இப்டி வருவேன்னு எம்புள்ள எழுதிக்கீறான்."

ஜெர்மனி தபால்தலை. கஸ்பாரின் அதே கோணல் எழுத்து.

'அவன் கோபமாக வருவான் அம்மா. கதவைத் திறக்காதே.'